நேரே தொட்டுப் பழகியவர்

சந்திரமௌலிக்கு நன்றி சொல்ல வராது என்று அவர் மனைவி ஜானு சொல்வதுண்டு. காபி கொண்டுவந்து வைத்தால் டம்ளரைப் பார்ப்பார். வைத்தவரைப் பார்க்க மாட்டார். அதைத் திமிர் என்று சொல்ல முடியாது. எல்லாக் காரியத்தையும் தன் கையாலேயே செய்து முடித்துவிடுகிற மனிதருக்கு, நன்றி சொல்ல எதிரில் ஓர் ஆள் இருப்பதே கண்ணில் படுவதில்லை. நாற்பத்திரண்டு வயது வரை அவர் அப்படித்தான் இருந்தார்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். தரமணியில் டிப்ளமா படித்துவிட்டு, கிண்டி தொழிற்பேட்டையில் ஈ.சி.ஜி. கருவிகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். பூட்டி முடித்த கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. எந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று படத்தைப் பார்க்காமல் சொல்வார். கம்பெனி 1989இல் மூடப்பட்டது. கைக்கு வந்த தொகையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்து ஜன்னலோரம் வைத்து, ப்ரோக்ராம் எழுதத் தானே கற்றுக்கொண்டார். மற்றவர்கள் முதலில் மொழியைப் படித்து, பிறகு என்றாவது ஒருநாள் இயந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். இவர் உள்ளேயிருந்து வெளியே வந்தவர்.

அடையாறில் டாக்டர் பத்ரிநாராயணன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திவந்தார். அங்கே வெளிநாட்டு இயந்திரம் ஒன்று இருந்தது. ரத்தத்தை உறிஞ்சி, ஒரு நிமிடத்தில் வெள்ளணு எத்தனை, சிவப்பணு எத்தனை, தட்டணு எத்தனை என்று பதினெட்டு எண்களைச் சொல்லும். அவற்றைத் தன் சின்னத் திரையில் காட்டும். பின்புறக் கேபிள் வழியாக வெளியேயும் அனுப்பும். டெக்னீஷியன் ஜைதூன் பீ அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அவை நேராகக் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டால் என்ன என்று 1991இல் டாக்டர் கேட்டார். சந்திரமௌலி பத்தே நாளில் செய்து கொடுத்தார்.

அவர் செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேபிள் வந்து கம்ப்யூட்டரில் செருகும் இடத்துக்குப் போர்ட் என்று பெயர். அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களை நடத்திய அடிப்படை மென்பொருள் டாஸ். போர்ட்டுக்கு வரும் எழுத்து ஒரு ப்ரோக்ராமுக்கு வேண்டுமென்றால் டாஸிடம் கேட்கலாம். அது வாங்கித் தரும். ஆனால் அது மந்தம். அது திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு எழுத்து தவறிப்போயிருக்கும். கேட்காமலே போர்ட்டுக்குள் கையை விட்டு எடுத்துக்கொள்ளவும் முடியும். அதை டாஸ் தடுப்பதில்லை; அதற்குத் தடுக்கவே தெரியாது. சந்திரமௌலி கேட்கவில்லை. நேரே எடுத்துக்கொண்டார். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

அதோடு அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேபிளைச் செருகும்போதும், மின்விசிறி ஓடும்போதும்கூட, போர்ட்டில் அர்த்தமில்லாத எழுத்து ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் அவர் எழுதிய ஒவ்வொரு ப்ரோக்ராமும் தொடங்கியவுடன் முதல் வேலையாகப் போர்ட்டில் இருப்பதை எடுத்து வீசிவிடும். போர்ட்டை வாய் கொப்பளிக்க வைப்பது என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். காலையில் எழுந்தால் பல் துலக்குவது மாதிரி அது அவருக்கு யோசிக்க வேண்டாத விஷயமாகிவிட்டது.

ஆறு வருடம் அந்த ப்ரோக்ராம் ஒரு தவறும் செய்யாமல் ஓடியது. ஆனாலும் ஜைதூன் பீ, இயந்திரத்தின் திரையைப் பார்த்து முக்கியமான எண்களை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பதை விடவில்லை. ஜாம்பஜாரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இருபது வருட அனுபவம். எழுதும் வேலையைக் குறைக்கத்தானே ப்ரோக்ராம், இது எதற்கு என்று சந்திரமௌலிக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். ஒருநாள் கேட்டுவிட்டார். “உங்க மேல சந்தேகம் இல்ல சார், என் மேலதான்” என்றார் ஜைதூன் பீ. “எழுதுனாத்தான் எனக்கு கண்ணுல நிக்கும்.” அது பாதிதான் உண்மை என்று சந்திரமௌலிக்குத் தோன்றியது. மேலே கேட்கவில்லை.

1997இல் டாக்டர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். உள்ளே ஜைதூன் பீ அதில் வேலை பார்க்கும்போதே, முன்னறையில் ரிசப்ஷனிஸ்ட் மஹதி தனி விசைப்பலகையும் திரையும் வைத்துக்கொண்டு அதே கம்ப்யூட்டரிலிருந்து ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. டாஸில் இது நடக்காது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

ஜானுவின் தம்பி அச்யுத் தி.நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது லினக்ஸ் என்ற புதுச் சிஸ்டத்தை ஒரு சி.டி.யில் கொண்டுவந்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். சந்திரமௌலி நாலு நாள் அதை நோண்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் மச்சினனுக்கு ஆபீசுக்கே போன் செய்து, இதில் போர்ட்டைத் தொடவே விடமாட்டேன் என்கிறது, தொட்டால் ப்ரோக்ராமையே கொன்றுவிடுகிறது என்று புகார் சொன்னார். சாயந்திரம் அச்யுத் வந்து, கை கால்கூடக் கழுவாமல், ஊஞ்சலில் உட்கார்ந்து விளக்கினான். இந்தச் சிஸ்டத்தில் இயந்திரங்களைத் தொடும் உரிமை நடுவிலுள்ள கர்னல் என்ற பகுதிக்கு மட்டும்தான். போர்ட், பிரிண்டர், வன்தட்டு எல்லாமே ப்ரோக்ராமின் கண்ணுக்கு வெறும் ஃபைல்களாகத் தெரியும். திற, படி, மூடு. அந்தப் பக்கம் என்ன கம்பி, என்ன சில்லு என்று ப்ரோக்ராமுக்குத் தெரியவே வேண்டாம்.

“தெரியவே வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு சிஸ்டமா?” என்றார் சந்திரமௌலி. “நேரே தொடறவனுக்குத்தாண்டா அதோட நாடி தெரியும்.”

“ஒரு டாக்டர் பிடிச்சுப் பாத்தா நாடி, அத்திம்பேர். ஒரே கையை நாலு பேர் பிடிச்சுண்டா அதுக்குப் பேர் கலாட்டா.”

ஜானு உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. சந்திரமௌலி சிரிக்கவில்லை. டாஸ் கேட்டதை மெதுவாகக் கொடுத்தது. அதன் மேல் அவருக்கு ஏளனம் இருந்தது. இது கேட்காமல் தொடவே கூடாது என்றது. அதன் மேல் அவருக்குக் கோபம் வந்தது. குறைகள் வேறு வேறு என்றாலும் அவர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்தார். தனக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மூன்றாம் மனிதர், அவ்வளவுதான்.

அதனால் அவர் வழி தேடினார். தேடுகிறவருக்கு வழி கிடைக்கவும் செய்தது. அந்தச் சிஸ்டத்தில் ரூட் என்று ஓர் எஜமான் கணக்கு உண்டு. அந்தப் பெயரில் ஓடும் ப்ரோக்ராம், இந்தப் போர்ட்டை நானே தொட்டுக்கொள்கிறேன் என்று கர்னலிடம் ஒரு வரியில் அனுமதி வாங்கிவிடலாம். வாங்கிய பிறகு கர்னல் குறுக்கே வராது. சந்திரமௌலி அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஆறு வருடத்து ப்ரோக்ராமை ஏறக்குறைய அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். உள்ளேயும் முன்னறையிலும் அதே ப்ரோக்ராம், எஜமான் அதிகாரத்தோடு. தீபாவளி கழிந்த மறுவாரம் லேபில் பொருத்தினார். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. டாக்டர் கையைக் குலுக்கினார். அச்யுத்திடம் இவர் ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, பெரிய மழைக்கு நடுவே, ஜைதூன் பீ போன் செய்தார். தேவானை என்று ஒரு அம்மாளுக்கு மறுநாள் கர்ப்பப்பை ஆபரேஷன். தட்டணு இருபத்தெட்டாயிரம் என்று ரிப்போர்ட். அவ்வளவு குறைந்த தட்டணுவில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், ஜைதூன் பீ ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். தட்டணுக்கள் குறைவில்லாமல் நிறையவே இருந்தன. பிறகு நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்.

“மெசின் எறநூத்தி பதினெட்டுனு காட்டிச்சு சார், என் கையெழுத்துல கீது. பேப்பர்ல இருபத்தெட்டுனு வந்துகீது. நடுவுல இருந்த ஒன்ன எவன் துன்னான்?”

சந்திரமௌலி டி.வி.எஸ். மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, லஸ் முனையிலிருந்து அடையாறு வரைக்கும் ஒரே யோசனையாகப் போனார். இயந்திரம் பழசாகியிருக்கும். கேபிளில் மழை ஈரம் இறங்கியிருக்கும். மின்சாரம் மேலும் கீழும் போயிருக்கும். தன் ப்ரோக்ராமைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

போனவுடன் கேபிளை மாற்றினார். பிறகு உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு எழுத்தையும் திரையில் கவனித்தார். மூன்று மணி நேரம் ஆனது. நாற்பது சாம்பிள் ஓடியது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. கேபிள்தான் என்று எழுந்திருக்கப் போனார். அப்போது மஹதி கதவருகே வந்து நின்றாள். வெளியில் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள், இனிமேலாவது ரிப்போர்ட் எடுக்கலாமா என்று கேட்டாள்.

“காலையிலேருந்து எடுக்கலையா?” என்றார் அவர்.

“நீங்க உள்ள பார்த்துட்டிருக்கீங்களே சார், தொந்தரவு வேணாம்னு நான் ப்ரோக்ராமைத் தொடவே இல்ல.”

சரி, எடு என்றார். அவள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அதே நொடியில் இயந்திரம் ஒரு சாம்பிளை முடித்து எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பதினொன்று புள்ளி ஆறு என்று வந்திருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவர் கண் முன்னாலேயே ஒன்று புள்ளி ஆறு என்று வந்து நின்றது.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. காரணம் தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மஹதி ஒவ்வொரு முறை ரிப்போர்ட் எடுக்கத் திறக்கும்போதும், ப்ரோக்ராம் தன் பல் துலக்கும் பழக்கப்படி முதலில் போர்ட்டை வாய் கொப்பளிக்க வைத்திருக்கிறது. டாஸில் அங்கே இருந்திருக்கக்கூடியது குப்பை மட்டும்தான். ஏனென்றால் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. இங்கே உள்ளறையில் இன்னொருவர் வாங்கிக்கொண்டிருக்கும் எண்ணை முன்னறை எடுத்து வீசியிருக்கிறது. இரண்டும் ஒரே நொடியில் நேர்ந்தால்தான் பிழை. அதனால்தான் பதினெட்டு நாள் வெளியே தெரியவில்லை. கர்னல் நடுவில் இருந்திருந்தால், வந்த எழுத்துகளை வாங்கி வைத்துக்கொண்டு, இது யாருக்கு என்று ஒரு வரம்பு கட்ட அதனிடம் கேட்டிருக்கலாம். நடுவில் இருக்க வேண்டாம் என்று அதை விலக்கி நிறுத்தியது அவருடைய ஒரு வரி.

ஜைதூன் பீயிடம் சொன்னார். அந்த அம்மாள் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தேவானையின் ரத்தத்தை மறுபடியும் ஓட்டி, சரியான ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“வெளியில போனது எத்தினின்னு பாக்க வேணாமா சார்?”

முன்னறையில் ப்ரோக்ராமைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டு, அன்று மதியமும் மறுநாள் முழுவதும் இருவரும் உட்கார்ந்தார்கள். பதினெட்டு நாளின் எண்ணூற்றுச் சொச்சம் ரிப்போர்ட்டுகளை சந்திரமௌலி கம்ப்யூட்டரிலிருந்து படிக்க, ஜைதூன் பீ நோட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் எங்கேயும் பதில் இருந்திருக்காது. சந்திரமௌலிக்கு இது இருநூறாவது ரிப்போர்ட் வாக்கில் உறைத்தது. படித்துக்கொண்டே இருந்தவர் ஒருமுறை நிறுத்தி, ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்த எண்ணைப் படித்தார்.

மூன்று பிழைகள் வெளியே போயிருந்தன. இரண்டில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் குறைந்திருந்தது. யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. மூன்றாவதைப் பார்த்து ஜைதூன் பீயின் விரல் நின்றுவிட்டது. தணிகாசலம், வயது முப்பத்தொன்பது, வேளச்சேரி. வெள்ளணு பதினாலாயிரத்து அறுநூறு. ரிப்போர்ட்டில் நாலாயிரத்து அறுநூறு. வயிற்று வலிக்கு எடுத்த சோதனை. பதினாலாயிரம் என்றால் உள்ளே ஏதோ சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். நாலாயிரம் என்றால் ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று பொருள். தேதி பதினொரு நாள் முந்தியது.

டாக்டர் பத்ரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கெட்டவர் இல்லை, முப்பது வருடம் கட்டிக் காத்த பெயர் அவருடையது. பிழையை இன்றே சரிசெய்துவிடலாம், பதினொரு நாளில் ஆக வேண்டியது எதுவோ அது ஆகியிருக்கும், இப்போது போய்க் கதவைத் தட்டினால் ஊர் முழுவதும் லேபைச் சந்தேகப்படும் என்றார். சந்திரமௌலி எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய மனதின் ஒரு பாதி டாக்டரின் பக்கம்தான் இருந்தது. அந்த லேபை வைத்துத்தான் மற்ற நாலு லேபுகள் அவரை நம்பி வேலை கொடுத்தன. வேளச்சேரிக்குப் போய் நின்று, அந்த வீட்டு வாசலில் மாலை போட்ட போட்டோ இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஜானுவிடம் சொன்னார். ஜானு ரசத்தை ஊற்றிக்கொண்டே, “போகாம இருந்தா நாளைக்கு ஆத்துல உக்காந்து என்ன பண்ணப்போறேள்?” என்று மட்டும் கேட்டாள்.

காலையில் லேபுக்குப் போனபோது ஜைதூன் பீ திருத்திய ரிப்போர்ட்டைத் தயாராக வைத்திருந்தார். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருடம் வேளச்சேரி ஏரி நிரம்பி, புதிதாக மனை போட்ட தெருக்களெல்லாம் முழங்கால் தண்ணீரில் இருந்தன. சந்திரமௌலி வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார். வீடு கிடைத்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டையின் கீழே வயிற்றில் வெள்ளைக் கட்டுத் தெரிந்தது.

“தணிகாசலம் வீடு இதுதானே?”

“வீடு இது, தணிகாசலம் நான். தண்ணில நின்னுக்கினு இன்னா சார், மேல வாங்க.”

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சந்திரமௌலி மேலே ஏறினார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லேப் என்று சொல்லவில்லை. இயந்திரம் என்று சொல்லவில்லை. நான் எழுதிய ப்ரோக்ராம் உங்கள் எண்ணில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டது என்று சொன்னார். தணிகாசலம் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“அந்த ஆஸ்பத்திரி டாக்டரு இந்தப் பேப்பரத்தான் மொதல்ல பாத்தாரு சார். ஒன்னும் இல்லப்பா, கேஸ்தான்னாரு. நானும் எந்திரிச்சிட்டேன். அப்புறம் என்னா தோணுச்சோ, படுன்னு சொல்லி வலது பக்கம் ஒரு அமுக்கு அமுக்குனாரு. நான் போட்ட சத்தத்துல பேப்பர அங்க கடாசிட்டாரு. அன்னிக்கே ஆபரேசன். இன்னும் ஒருநா வுட்டிருந்தா கொடல்வாலு வெடிச்சிருக்கும்னாரு.”

சந்திரமௌலி அப்போதுதான் உட்கார்ந்தார். பெயர்கூடத் தெரியாத ஒரு டாக்டர், அச்சடித்த எண் தெளிவாகச் சொன்ன பிறகும், எதற்கோ ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறார். சந்திரமௌலிக்கு அந்த விரல்களைப் பற்றித்தான் நினைக்க முடிந்தது. இவ்வளவு காலமும் நேரே தொடுவதில் தான் பெருமைப்பட்டு வந்ததையும் நினைத்தார். அந்த டாக்டர் தொட்டது நோயாளியின் சம்மதத்தோடு, ஒரு வயிற்றை ஒரே ஒருவராக. அதைத் தன் காரியத்தோடு சேர்த்து நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“மன்னிச்சுக்கணும்” என்றார்.

“நீங்க வந்து சொல்லலன்னா எனக்குத் தெரியவே தெரியாது சார். தெரிஞ்சுக்கினு இப்ப நான் இன்னா பண்ணப்போறேன்? டீ சாப்புடுங்க.” பிறகு, கொஞ்சம் யோசித்து, “அத்த சரி பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மட்டும் விளையாட்டு இல்லை.

இன்னும் இல்லை என்றார் சந்திரமௌலி. அந்த டீயை அவர் கொடுத்தவர் முகத்தைப் பார்த்து வாங்கிக் குடித்தார்.

அன்று மாலையே தி.நகருக்குப் போய் அச்யுத்தின் எதிரில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். கேலி வரும் என்று எதிர்பார்த்தார். அவன் ஒரு காகிதத்தை எடுத்து, “ஆரம்பத்துலேர்ந்து போடலாம் அத்திம்பேர்” என்றான்.

ஆறு வருடத்து ப்ரோக்ராமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். போர்ட்டைத் திறக்க ஒரே ஒரு சிறு ப்ரோக்ராம். அதுவும் நேரே தொடாது, கர்னலிடம் கேட்கும். வந்த எண்களை அது ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். ரிப்போர்ட் அடிப்பவர் அந்த ஃபைலைப் படிக்கலாம். போர்ட் இருக்கும் திசையே அவருக்குத் தெரியாது. எழுதும்போது ஒன்று புரிந்தது. கர்னலின் கதவும் பிழையில்லாத கதவு இல்லை. யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வரும் எழுத்துகளில் சிலதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுத்தது. வருவதை வந்தபடியே கொடு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவரையும் அது சும்மா உள்ளே விட்டது. விடாதே என்றும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வேலையை நடுவில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. என்ன வேண்டும் என்பதை முழுதாகச் சொல்லவும் வேண்டும். ஆனால் சொன்னால் கேட்டது. அந்த அளவுக்கு அதை அவர் மெச்சிக்கொண்டார்.

கம்பிகளைத் தெரிந்து வைத்திருந்தது வீணாகவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான் தெரிந்தது.

ஒன்பது நாள் கழித்து லேபில் பொருத்தினார். உள்ளே ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்க, முன்னறையில் மஹதியின் பெயரில் நுழைந்து, வேண்டுமென்றே போர்ட்டைத் திறக்கப் பார்த்தார். வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று ஒரு வரி வந்தது. மறுபடியும் முயன்றார், மறுபடியும் அதே வரி. ஒரு மாதத்துக்கு முன்னால் தனக்கு எதிராகத் தோன்றியிருக்கக்கூடிய அந்த வரியை அவர் நாலைந்து முறை கேட்டு வாங்கினார். தணிகாசலத்தின் எண்ணை யாராலும் இனி வீச முடியாது.

அப்புறம் சும்மா ஒருமுறை, எஜமான் கணக்கில், ரூட்டாக நுழைந்து அதையே செய்துபார்த்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடை எல்லோருக்கும் உண்டு. எஜமானுக்கு மட்டும் இல்லை. அந்த வீட்டில் எஜமான் அவர்தான். என்றோ ஒருநாள் அவசரத்தில், ஒரு வரியில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும்போது, தான் என்ன செய்வோம் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அன்று மதியமே ரூட்டின் பாஸ்வேர்டை மாற்றினார். நினைவில் நிற்காதபடி, கண்ணை மூடிக்கொண்டு தட்டிய மாதிரி ஒரு நீளமான எழுத்து வரிசை. அதைக் காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ஜைதூன் பீயின் மேஜைக்குப் போனார். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார்.

“இன்னா சார் இது?”

“கம்ப்யூட்டரோட சாவி. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“எனக்கு இத்த வெச்சு ஒன்னும் பண்ணத் தெரியாதே.”

“அதனாலதான். எனக்கு வேணும்னா வந்து உங்களைக் கேக்கறேன். எதுக்குன்னு நீங்க கேளுங்கோ. சரியா பதில் சொல்லலைன்னா கொடுக்காதீங்கோ.”

ஜைதூன் பீ கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரீஏஜென்ட் என்ற சோதனை ரசாயனப் பாட்டில்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து, அதற்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, இவர் இன்னும் போகாமல் நிற்பதைப் பார்த்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

“இல்ல” என்றார் சந்திரமௌலி. “தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்.”

“இதுக்கா?”

“இல்ல. அன்னிக்குக் கையெழுத்துப் போடாம இருந்தேளே, அதுக்கு.”

அந்த அம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தார். “அது என் வேல சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்லைடை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தார்.